எனக்குப் பிடிக்காத கேத்தல் பெட்டையள்

ஓய்வு பெற்றவனை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், வீடு மாற்றுகிறார்கள், அலுமாரி தூக்க ஆள் குறைகிறது என்று அர்த்தம். ஆகவே நான் வேலை செய்த இசைத்தட்டுத் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தபோது, பதில் சொல்வதற்கு முன் என் கை தானாக முதுகைத் தடவிப் பார்த்தது.

விஷயம் வேறு. செத்துப்போனது என்று எல்லோரும் முடிவுகட்டிய இசைத்தட்டு திரும்பவும் எழுந்துவிட்டதாம். பழைய இரும்பு என்று ஏற்றி அனுப்பிய அழுத்து இயந்திரங்களை எங்கெங்கோ தேடிப் பிடித்து, எண்ணெய் விட்டு, அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டுவதற்கு இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வந்து விழும் தட்டைக் காதால் சோதிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அந்த வேலை செய்தவர்களில் உயிரும் காதும் ஒருங்கே மிஞ்சியிருப்பவன் நான்தான் என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

போனேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில் நிவேதா என்றொரு பிள்ளை கை தூக்கினாள். தாய் தகப்பன் யாழ்ப்பாணம், பிறந்தது இங்கே ஜெர்மனியில், அந்தத் தொழிற்சாலையில்தான் Ausbildung என்ற தொழிற்பயிற்சி செய்கிறாள்.

“அங்கிள், இவ்வளவு காலமும் கேட்டிருக்கிறீங்கள். உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?”

“எனக்கு இசை பிடிக்காது, பிள்ளை” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. வாய் பழக்கத்தில் சொன்னது. எண்பதுகளின் கடைசியில் அந்த ஒரு வசனத்தில்தான் என் வேலை, வேலை செய்வதற்கான அனுமதி, நானும் மலரும் குடியிருந்த இரண்டு அறை வீடு எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. அதை அந்த மண்டபத்தில் நின்று விளக்கியிருந்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் மனைவி மலரும் எண்பத்து நான்கில் இங்கே வந்து சேர்ந்தோம். எப்படி வந்தோம் என்பதை எழுதப்போவதில்லை. என் வயதுக்காரர் எல்லோரிடமும் அந்தக் கதை இருக்கிறது. பலருடையது என்னுடையதைவிட நல்லது. ஹம் நகரத்தில் ஒரு விடுதியில் போட்டார்கள். முதல் காலத்தில் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். சும்மா இருப்பதைப் பெரும் ஞானமாகப் பாடிவைத்தவர்கள் எவரும் அகதி விடுதியில் இருந்து பார்த்ததில்லை. நான் விடுதிக்கு யாரோ கொடுத்த பழைய ஜெர்மன் அகராதியை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி, அனுமதி கிடைத்த நாளில் பாதி தாண்டியிருந்தேன். அதனால் என் ஜெர்மன் பேச்சில் அகரவரிசையின் முற்பாதிச் சொற்கள் மட்டும் வெகு சிறப்பாக இருந்தன.

அனுமதி வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கும்போது வேலைத் திணைக்களமான Arbeitsamt ஒரே கேள்வியைக் கேட்கும்: இந்த வேலையை ஒரு ஜெர்மன்காரர் செய்ய ஏலாதா? ஏலும் என்றால் நான் திரும்பவும் விடுதிக்கும் அகராதியின் பிற்பாதிக்கும் போகவேண்டியதுதான்.

தொழிற்சாலையில் முதலில் அழுத்துக்கூடத்தில் நின்றேன். சூடாக்கி இளகிய கறுப்புப் பிளாஸ்டிக் உருண்டை ஒன்று இயந்திரத்திலிருந்து வெளியே வரும். பார்ப்பதற்கு ஊரில் கிண்டும் தொதல் என்ற கறுப்பு இனிப்புப் போலவே இருக்கும். மேலே ஒரு லேபல், கீழே ஒரு லேபல், நடுவில் தொதல். இரண்டு பக்கமும் நிக்கல் அச்சு. இயந்திரம் மூடும், நீராவி சீறும், பிறகு குளிர்தண்ணீர் ஓடும், திறந்தால் பாட்டு. கரையில் பிதுங்கி நிற்பதை அப்பத்தின் கரையைப் பிய்ப்பதுபோல வெட்டிவிடுவது என் வேலை.

கூடத்தின் மேற்பார்வையாளர் கொவால்ஸ்கி. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பம்; சுரங்கத்துக்குள் கத்திப் பழகிய தொண்டை பரம்பரையாக வந்திருந்தது. அவரும் மற்ற ஜெர்மன்காரரும் பேசியதை நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஆகவே இங்கே அவர்கள் எல்லோரும் பருத்தித்துறையில் பிறந்தவர்கள்போலக் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அவரிடம் நாலாவது இயந்திரத்தின் சுருதி இறங்கிப்போய் நிற்கிறது என்று சொன்னேன். ஊரில் பஜனைக் கோஷ்டி ஒன்றில் எனக்குச் சுருதிப்பெட்டி அமுக்குகிற உத்தியோகம். பாடத்தான் சேர்ந்தேன். நீட்டும் இடங்களில் என் குரல் இறங்கிவிடுகிறது என்று, மற்றவர்கள் மிகுந்த மரியாதையோடு என்னை வாயை மூடவைத்து, பெட்டியைக் கையில் தந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குப் பாட வராது. யார் விலகுகிறார்கள் என்பது மட்டும் கேட்கும். இயந்திரமானாலும் கேட்கும்.

கொவால்ஸ்கி அதை ஒரு பகிடியாகக் கன்டீனில் சொன்னார். “என்ர மெஷினுகளுக்கு ஒரு தமிழன் சுருதி பாக்கிறான்.” எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர் அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார். அவர்தான் ஃபிராவ், அதாவது திருமதி, ஹோல்ட்காம்ப், தட்டுகளைக் கேட்டுச் சோதிக்கும் கேட்பறையின் தலைவி.

ஒல்லியான உயரமான மனுஷி. சாம்பல் நிற மேலங்கி. என் பெயரை மற்றவர்கள் சீவா என்று வெட்டிவிட்டார்கள். அவர் மட்டும் திரு என்பதற்கான ஹெர் சேர்த்து, “ஹெர் சிவ… சோ… தி” என்று ஒவ்வொரு துண்டாகத் தராசில் வைப்பதுபோலச் சொல்வார். இடைவேளைக்கு ஒரு ஆப்பிளைப் பேனாக்கத்தியால் நாலாக வெட்டிச் சாப்பிடுவார். கோபம் வந்தால் கத்துவதில்லை. வெட்டுவதை நிறுத்துவார். அவருடைய அகராதியில் பாராட்டுக்கு இருந்தது ஒரே சொல்: “Geht.” போகும் என்று அர்த்தம். நல்லது, மிக நல்லது, அற்புதம் எல்லாமே போகும்தான்.

என் காதுக்கு ஹெட்போனை மாட்டி, ஒரு தட்டை ஓடவிட்டு, பிழை கேட்கும் இடத்தில் கை தூக்கச் சொன்னார். ஒரு மெல்லிய சொடுக்குக்குக் கை தூக்கினேன். ஒரு கரகரப்புக்குத் தூக்கினேன். பிறகு இன்னொரு இடத்தில் தூக்கினேன். அவர் ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

“ஹெர் சிவசோதி, அது பாடுற ஆள் மூச்சு விடுறது.”

“பிழை இல்லையோ?”

“மூச்சுக்கு அனுமதி இருக்கு.”

அந்த நாட்டில் எதற்கெல்லாம் அனுமதி தேவை என்று எனக்குத் தெரிந்திருந்தபடியால், அதை ஒரு சட்டமாகவே மனதில் எழுதிக்கொண்டேன்.

கேட்பறை வேலையை இளையவர்களுக்குச் சொன்னபோது அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இசை கேட்கும் உத்தியோகம் என்று எண்ணியிருப்பார்கள். ஒரு புது அச்சு இயந்திரத்தில் ஏறியவுடன் முதல் தட்டுகள் கேட்பறைக்கு வரும். பருத்திக் கையுறை போட்டு எடுத்து ஜன்னலருகே சரித்துப் பிடிப்போம். வரிகளின் மேல் வெளிச்சம் நனைந்த தார்ரோட்டில் ஓடுவதுபோல ஓட வேண்டும். எங்காவது புகை படிந்ததுபோல மங்கினால் அங்கே பிளாஸ்டிக் சரியாக நிரம்பவில்லை. பிறகு விளிம்பைச் சுற்றி விரல். பிறகுதான் ஊசி. ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்க வேண்டும், தாண்டுவது குற்றம். கேட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் சுரங்கக் கோபுரத்தின் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். “காதை வெறுமையாக்குங்கோ” என்பார் ஃபிராவ் ஹோல்ட்காம்ப். பிறகு அடுத்தது.

அறையில் இரண்டு பொத்தான்கள். பச்சையை அமுக்கினால் கூடத்தில் இயந்திரம் முழு வேகம் பிடிக்கும். சிவப்பை அமுக்கினால் கூடத்தில் ஊது ஒன்று அலறும், இயந்திரம் நிற்கும். சிவப்பை அமுக்கக் கேட்பவருக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஜெர்மனியில் எனக்கு அனுமதி தேவைப்படாத ஒரே காரியம் அது.

முதல் நாள் அவர் சொன்ன பாடம் இது: “இசையைக் கேளாதேங்கோ. இசை இல்லாததைக் கேளுங்கோ.”

எனக்கு அது சுலபமாக இருந்தது. அந்த இசை எனக்கு விளங்கவேயில்லை. மத்தளம் மாதிரி ஏதோ, அதன் மேல் மின்சாரம் மாதிரி ஏதோ, அதன் மேல் யாரோ தனக்குக் காதல் சரிவரவில்லை என்று முறைப்பாடு. எல்லாத் தட்டும் எனக்கு ஒன்றே. பிழை மட்டும் தனியாகத் தெரியும்.

இனிக் கேத்தல் பெட்டையளுக்கு வருகிறேன்.

லண்டனைச் சேர்ந்த மூன்று பெண்கள். ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். குழுவின் பெயர் கெட்டில் கேர்ள்ஸ். கெட்டிலை நாங்கள் கேத்தல் என்பதால் எங்கள் விடுதியில் அவர்கள் கேத்தல் பெட்டையள் ஆனார்கள். அவர்களுடைய முதல் தட்டு நான் அழுத்துக்கூடத்தில் நின்ற காலத்தில் வந்தது. சின்ன ஓடர். உறையில் மூன்று பேரும் ஆண்கள் போடும் தொளதொள வேலை உடுப்போடு ஒரு வாசல்படியில் இருந்தார்கள். நடுவில் ஒரு கேத்தல். கொவால்ஸ்கி உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இந்த மூண்டு பேரும் என்ர கூடத்துக்கு வேலைக்கு வந்த பிள்ளையள். வழி மாறிப் போட்டினம்.”

அவர்களுக்கு ஆடத் தெரியாது. தொலைக்காட்சியில் தோளை மட்டும் அசைப்பார்கள், அதுவும் ஒருவர் மற்றவரைப் பார்த்து. மேல்நாட்டுப் பாட்டில் நாலு பேர் சேர்ந்தால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று பிரித்துப் பாடுவது வழக்கம். இவர்கள் மூவரும் ஒரே வரியை ஒரே உயரத்தில் பாடினார்கள். அப்படிப் பாடுகிறவர்களை அதற்கு முன் நான் எங்கள் பஜனைக் கோஷ்டியில் மட்டுமே கண்டிருக்கிறேன். பாட்டுகளும் பெரிய விஷயம் பற்றியவை அல்ல. தொலைபேசி அடிக்கவில்லை என்று ஒரு பாட்டு. மழை பெய்கிறது, பஸ் வரவில்லை என்று இன்னொன்று.

இந்தப் பஸ் வராத பாட்டுத்தான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. இங்கிலாந்தில் ஏறியது, வானொலி பிடித்துக்கொண்டது, ஹம் ஸ்டேஷனில் பள்ளிக்கூடப் பெட்டையள் தகப்பன்மாரின் வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் தொழிற்சாலைக்கு அதை அழுத்தும் ஓடர் வந்தபோது கூடத்தில் பாதி இயந்திரங்களை அதற்கே ஒதுக்கினார்கள். முற்றத்தில் லொறிகள் காத்து நின்றன. நான் கேட்பறைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. என் அனுமதி அந்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லித் தொழிற்சாலை கேட்டால்தான் உண்டு.

முதல் தட்டு வந்தது. சரித்துப் பார்த்தேன், சுத்தம். விரல் ஓட்டினேன், சுத்தம். ஊசியை வைத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பாடும் ஒரு சொல்லை மூவரும் நீட்டுகிற இடம் வந்தது. சுருதி மெல்ல ஆடியது.

தட்டின் நடு ஓட்டை மையத்திலிருந்து ஒரு மயிரளவு விலகினாலும், வரிகள் ஊசியின் கீழ் ஒருக்கால் கிட்டவும் ஒருக்கால் எட்டவும் போகும். சுருதி தொட்டில்போல ஆடும். எனக்குச் சந்தேகமே இல்லை. சிவப்பை அமுக்கினேன்.

ஊது அலறியது. கொவால்ஸ்கி வந்தார்.

“சீவா, என்ன நடந்தது?”

“ஓட்டை நடுவிலை இல்லை. சுருதி ஆடுது.”

அச்சைக் கழற்றி, மையம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். நடுவில்தான் இருந்தது. எதற்கும் என்று இன்னொரு அச்சை ஏற்றினார்கள். முதல் தட்டு வந்தது. கேட்டேன். அதே இடம். அதே ஆட்டம். சிவப்பு.

இந்த முறை கொவால்ஸ்கி வாசலிலேயே நின்றார். “சீவா, கீழை எத்தினை லொறி நிக்குது எண்டு தெரியுமோ?”

“தெரியும். ஆனால் ஆடுது.”

“உமக்குத்தான் ஐசே ஆடுது!”

மூன்றாவது அச்சுக்கும் அதுவே நடந்தது. கூடம் அமைதியானது. அந்தக் கூடம் அமைதியாக இருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. லொறிக்காரர் ஏற்றும் மேடையில் குந்தியிருந்து சீட்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள். ஆட்களை எடுப்பதும் நிறுத்துவதும் பார்க்கும் ஆளணிப் பிரிவின் தலைவர்கூட மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த மாடியில்தான் என் அனுமதிக்கான கடிதம் எழுதப்பட வேண்டும்.

ஃபிராவ் ஹோல்ட்காம்ப் பாதி வெட்டிய ஆப்பிளோடு வந்தார். கேட்டார். கத்தியை மடித்து வைத்தார்.

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. எனக்குக் காட்டுங்கோ.”

எப்படிக் காட்டுவது? என் ஜெர்மனில் அதற்குச் சொல் இல்லை. சுருதி அகராதியின் பிற்பாதியில் இருந்திருக்க வேண்டும். கைகள் இரண்டும் தாமாக முன்னால் வந்து, இல்லாத பெட்டியை அமுக்கத் தொடங்கின. அதோடு நிற்கவில்லை. வாயும் திறந்தது. பாடக்கூடாது என்று ஒரு கோஷ்டியே சேர்ந்து தீர்மானித்த தொண்டையால், அந்தப் பாட்டின் ஆதார சுருதியைப் பிடித்து “ஸா…” என்று இழுத்தேன்.

“கடவுளே” என்றார் கொவால்ஸ்கி. “ஆளுக்கு வருத்தம் வந்திட்டுது, டொக்டரைக் கூப்பிடுங்கோ.”

“கொவால்ஸ்கி, வாயை மூடுங்கோ. ஹெர் சிவசோதி, விடாதேங்கோ. பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

ஹெட்போனின் ஒரு பக்கத்தை ஒரு காதில் வைத்து, மற்றக் காதை என் பக்கம் திருப்பினார். நான் மூச்சு முட்ட முட்டப் பிடித்தேன். அவர் கண்ணை மூடினார். அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். இன்னொரு முறை. பிறகு கண்ணைத் திறந்து, சுழலும் லேபலைப் பார்த்தபடி சுட்டுவிரலால் மேசையில் தட்டத் தொடங்கினார்.

“தட்டு ஒருக்காச் சுத்த, நான் ஒருக்காத் தட்டுறன். ஓட்டைப் பிழையெண்டால் ஆட்டம் என்ர விரலோடை வரவேணும். வருதோ? கேட்டுச் சொல்லுங்கோ.”

ஹெட்போனை என்னிடம் தந்தார். விரலைப் பார்த்தேன், கேட்டேன். தாளம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆட்டம் அந்த விரலோடு வரவில்லை. தனக்கு விருப்பமான நேரத்தில் இறங்கியது, விருப்பமான நேரத்தில் ஏறியது.

“வரேல்லை” என்றேன்.

“அப்ப அது தட்டின்ர பிழை இல்லை. மூண்டாவது பிள்ளை. அந்த இடத்திலை அவ கொஞ்சம் இறங்கிறா.”

எங்கள் கோஷ்டியில் அப்படி இறங்கியவனை என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“அதுக்கு அனுமதி இருக்கோ?” என்று கேட்டேன்.

கொவால்ஸ்கி சிரித்த சிரிப்பு முற்றத்து லொறிக்காரருக்கும் கேட்டிருக்கும். ஃபிராவ் ஹோல்ட்காம்ப் சிரிக்கவில்லை. “லண்டன் குடுத்திருக்கு” என்று சொல்லி, தானே பச்சையை அமுக்கினார்.

அன்று கூடம் பல மணித்தியாலம் நின்றது ஒரு அகதியின் காதால் என்பதை ஆளணிப் பிரிவு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அனுமதி முடிவதோடு வேலையும் முடியட்டும், அதில் யாருக்கும் மனவருத்தம் இராது என்று அவர்கள் மிகவும் கண்ணியமாகச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய் மலரிடம் சொன்னேன். விடுதியிலிருந்து அந்த வீட்டுக்கு மாறி வந்து ஒரு குளிர்காலம்கூட ஆகவில்லை. அவள் சமையல் அறையில் ரேடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ரேடியோவில் அந்த நேரம் யார் பாடிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

“இஞ்சருங்கோ, அவளவை பிழையாப் பாடினதுக்கு உங்களை ஏன் நிப்பாட்டுகினம்?”

இதைவிடச் சுருக்கமாக என் வழக்கை எந்த அப்புக்காத்தும் பேசியிருக்க மாட்டார்.

Arbeitsamtஇல் எனக்கு Termin என்று நாள் குறித்திருந்த அன்று காலையில் கட்டடத்தின் வாசலில் ஃபிராவ் ஹோல்ட்காம்ப் நின்றார். மேலங்கி இல்லாமல், தொப்பியோடு. நான் அவரை வரச் சொல்லவில்லை. “ஆளணிப் பிரிவோடை நான் கதைச்சிட்டன்” என்று மட்டும் சொன்னார். என்ன கதைத்தார் என்று இன்றுவரை தெரியாது. ஆப்பிள் வெட்டுவதை நெடுநேரம் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதிகாரி இளம் மனிதர். கேட்கவேண்டியதைக் கேட்டார். “தட்டைக் கேக்கிறதுதானே? இதை ஒரு ஜெர்மன்காரர் செய்ய ஏலாதோ?”

“ஏலும்” என்றார் ஃபிராவ் ஹோல்ட்காம்ப். “செய்தவையள். ஒரு பிள்ளைக்குப் பாட்டுப் பிடிச்சுப்போச்சு. தலையை ஆட்டத் தொடங்கினா, பிழையை விட்டிட்டா. ஒரு பெடியனுக்குப் பிடிக்கேல்லை, நித்திரையாப் போனான். அடுத்தவர் இசைக்கல்லூரியிலை படிச்சவர். அவருக்கு எல்லாத் தட்டும் பிழை. கேக்கிற ஆளுக்குப் பாட்டுப் பிடிக்கவும் கூடாது, அதை வெறுக்கவும் கூடாது. அப்பிடி ஒரு காது இந்த மாவட்டத்திலை உங்களிட்டை பதிவிலை இருந்தால் அனுப்புங்கோ. உடனை எடுக்கிறன்.”

அதிகாரி பதிவு அட்டைகளைப் புரட்டினார். அப்படி ஒரு பிரிவு அவரிடம் இருந்திராது. என் பக்கம் திரும்பினார்.

“உண்மையோ? உங்களுக்கு இந்த இசை பிடிக்காதோ?”

“எனக்கு இசை பிடிக்காது” என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அது முழு உண்மை. முத்திரை விழுந்தது.

வெளியே வந்தோம். மழை. இருவரும் பஸ் தரிப்பில் நின்றோம். பஸ் வரவில்லை. அனுமதி என் உள்சட்டைப் பையில் சூடாக இருந்தது. வாடகை வீடு, மலரின் முகம், கூடத்தின் இரைச்சல் எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தன. ரோட்டின் வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், ஒரு சத்தம் கேட்டது. யாரோ பஸ் வராத பாட்டை முனகுகிறார்கள். நீட்டும் இடத்தில் சுருதி இறங்குகிறது. மூன்றாவது பெட்டை இறங்குகிற அதே இடத்தில், அதே அளவு. அது என் வாய்.

படக்கென்று மூடினேன். ஃபிராவ் ஹோல்ட்காம்ப் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பஸ் வருது” என்றார்.

அன்று தொடங்கியது என் கள்ளவாழ்க்கை. வேலைக்கு என் ஒரே தகுதி இசை பிடிக்காதது, எனக்கோ பிடித்துவிட்டது. மற்ற யாருடைய பாட்டும் இல்லை, அந்த மூன்று பேர் மட்டும். வீட்டில் மலர் கசெட்டில் பதிந்து வைத்திருந்தாள். ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் போடுவேன். “ஆர் வந்து பிடிக்கப்போகினம்?” என்று அவள் கேட்பாள். “ஆருக்குத் தெரியும்” என்பேன். கேட்பறையில் கேத்தல் பெட்டையளின் தட்டு வந்தால், வரி கட்டச் சொல்லிக் கடிதம் வந்தவனைப்போல முகத்தை வைத்துக்கொள்வேன். ஒரு முறை ஒரு முழுப் பக்கத்தையும் வெறும் பாட்டாகவே கேட்டு முடித்துவிட்டேன். “ஏதும்?” என்று ஃபிராவ் ஹோல்ட்காம்ப் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “காது வெறுமையாகேல்லை” என்று சொல்லி முதலிலிருந்து வைத்தேன். அவர் ஆப்பிளை வெட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் விரலால் தட்டிக்கொண்டே கேட்டேன். விரல் வேலை செய்யும், மிச்சம் நான் ரசிப்பேன். என் காலம் முழுவதும் அப்படித்தான் பிழை பிடித்தேன். நிவேதாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் விரலைச் சொல்லிக்கொடுத்தேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

பெட்டையள் இதற்கிடையில் எங்கேயோ போய்விட்டார்கள். புதிய தயாரிப்பாளர்கள் வந்தார்கள். மத்தளத்தை இயந்திரம் அடித்தது. வேலை உடுப்புப் போய், பளபளக்கும் சட்டைகள் வந்தன. தோள் அசைத்தவர்கள் கால் தூக்கி ஆடினார்கள். தட்டுகள் மேலும் மேலும் விற்றன, அமெரிக்காவில்கூட முதலிடமாம். கூடத்தில் எல்லோருக்கும் மேலதிக நேர வேலை. எனக்கு மட்டும் துக்கம். அந்தப் புதுத் தட்டுகளில் மூன்றாவது பெட்டை இறங்குவதேயில்லை. ஏதோ ஒரு இயந்திரத்தால் அவளை நேராக்கிவிட்டார்கள். அவளுக்கும் யாரோ ஒரு சுருதிப்பெட்டியைக் கொடுத்து வாயை மூடவைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அந்த உச்சத்தில் அவர்கள் எசன் நகரத்துக்குப் பாட வந்தார்கள். “இஞ்சருங்கோ, ஒருக்காப் போவம்” என்றாள் மலர். போவதென்றால் சும்மாவா? எங்கள் வகையினர் மாவட்டத்தை விட்டு வெளியே போக முன்கூட்டி அனுமதி எடுக்க வேண்டிய காலம். காரணம் கேட்டார்கள். “சொந்தக்காரர் வீட்டு விசேஷம்” என்றோம். யார் சொந்தம் என்று கேட்டபோது, “மூண்டு பெட்டையள்” என்றாள் மலர். அவள் வாயில் பொய் வராது.

மலர் சேலையும் அதன் மேல் குளிர்கோட்டும். நான் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு. சுற்றிலும் தலைமயிரை மேலே நிறுத்தி வைத்த பிள்ளைகள். எங்களைக் குழுவின் ஏதோ ஆட்கள் என்று எண்ணி வழிவிட்டார்கள். பளபளப்பு, புகை, வெளிச்சம், இயந்திர மத்தளம். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் ஆட்டக்காரர்கள் எல்லாம் உள்ளே போக, மூன்று பேரும் மேடை விளிம்பில், அந்த முதல் உறையில் இருந்ததுபோல, வரிசையாக இருந்தார்கள். பஸ் வராத பாட்டைத் தொடங்கினார்கள்.

நீட்டும் இடம் வந்தது. மூச்சைப் பிடித்தேன். மூன்றாவது பெட்டை இறங்கினாள்.

இறங்கியவளை மற்ற இருவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களும் தொடர்ந்து பாடினார்கள். மண்டபம் முழுவதும் அவளோடு சேர்ந்து இறங்கியது. நானும் இறங்கினேன், வாய்விட்டு. மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைவிடக் கீழே இறங்கினாள். ஆயிரக்கணக்கானோருக்கு நடுவே யாரும் எங்களைப் பெட்டி அமுக்க அனுப்பவில்லை.

அப்போதுதான் கண்டேன். எங்களுக்கு முன்னால் சில வரிசை தள்ளி, ஒரு உயரமான தலை. பக்கத்தில் உள்ள பிள்ளைகள் கைகளை வீசிக்கொண்டிருக்க, அவர் ஒரு சுட்டுவிரலை மட்டும் உயர்த்தி வைத்திருந்தார். பெட்டை இறங்கிய இடத்தில் விரலும் மெதுவாக இறங்கியது. அவர் வாயும் திறந்திருந்தது. எதற்கோ திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார்.

என் வாய் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தேன் என்பது மலருக்குத்தான் தெரியும். அனுமதி திரும்பவும் முடிகிற காலம் வேறு. திங்கள் காலை கேட்பறைக்குப் போனேன். ஃபிராவ் ஹோல்ட்காம்ப் மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஆப்பிளை வெட்டிக்கொண்டிருந்தார். நான் கையுறையைப் போட்டேன். முதல் தட்டைச் சரித்துப் பார்த்தேன். விரல் ஓட்டினேன்.

“ஹெர் சிவசோதி.”

“ஓம்.”

“மூண்டாவது பிள்ளை…”

தட்டைக் கீழே வைத்தேன். இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? “ஓம். இறங்கினவ.”

“கடவுளுக்கு நன்றி” என்றார். “நான் பயந்துபோனன், அவவைத் திருத்திப்போட்டாங்களோ எண்டு.”

ஆப்பிளில் ஒரு கால்பங்கைக் கத்தி நுனியில் வைத்து என் பக்கம் நீட்டினார். அந்த அறையில் யாருக்கும் அவர் அப்படி நீட்டி நான் கண்டதில்லை. எடுத்தேன்.

“நீங்கள் பாடினதும் கேட்டது” என்றார்.

“எப்பிடி இருந்தது?”

அவர் சுரங்கக் கோபுரத்தைப் பார்த்தார். காதை வெறுமையாக்குகிறவர்போல.

“போகும்” என்றார். “ஆனால் Arbeitsamtஇலை கேட்டால், உங்களுக்கு இசை பிடிக்காது.”